கடைசி வரியில் திருப்பூர்

செயின் துடைக்க எடுத்த துணியில் உன் எழுத்து இருந்தது.

பெருமாநல்லூரில் என் வீட்டுக்காரர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார் அல்லவா, அதற்கு மாதம் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் வாங்குவோம். எண்ணெய்க் கையைத் துடைக்க அதைவிட மலிவாக எதுவும் கிடையாது. மூட்டையைப் பிரித்து, பொத்தானும் ஜிப்பும் உள்ளதைத் தள்ளிவிட்டு, கைக்கு அடக்கமாக அடுக்கி வைப்பது என் வேலை. நேற்று அப்படி அடுக்கும்போது கறுப்புத் துண்டு ஒன்று வந்தது. குறுக்கே கத்தரித்த துண்டு. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். இத்தனை வருஷம் கழித்தும் சூட்டில் வெந்த ரப்பர் பிரிண்டின் வாசனை போகவில்லை. துணியின் அடியில் ஒரே ஒரு வரி மட்டும் முழுதாக இருந்தது. ஆங்கில எழுத்தில் திருப்பூர். இரண்டு ‘ஆர்’ எழுத்துக்கும் காலை நீட்டி விட்டிருந்தாய். இந்த ஊரில் வேறு எவனும் அப்படி வரைய மாட்டான்.

கம்பெனியில் எல்லார் எதிரிலும் உன்னை ‘அண்ணே, வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிட்டேன். நீ போய்ச் சேர்ந்து ஏழு மாசம் ஆகிவிட்டது. இனி என்ன வாங்க போங்க. நீ என்றே எழுதுகிறேன். பிடிக்கவில்லை என்றால் வந்து கேள்.

நீ அந்த பிரிண்டிங் பட்டறையில் டிரேசிங் ஆர்ட்டிஸ்ட். வெளிநாட்டிலிருந்து வரும் படத்தை பிலிமில் கறுப்பு மையால் கையாலேயே வரைந்து, அதிலிருந்து துணியில் மை இழுக்கும் ஸ்கிரீன் போடுகிறவன். நான் செக்கிங். மேசையிலிருந்து வரும் பீஸ்களை ஒவ்வொன்றாக விரித்து, மை வழிந்ததா, எழுத்து விட்டுப்போனதா என்று பார்த்து, சாக்பீசால் என் நம்பரைப் போட்டுத் தள்ளுகிறவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். ‘சொல்லுதேன்’, ‘பாக்கேன்’ என்று நான் பேசினால் மேசைக்கு மேசை சிரிப்பு. நீயும் சிரித்தாய். நீ நல்லவன் என்று சொல்லிக்கொண்டு நான் இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கவில்லை.

ஆனால் அந்தக் கேசட்டுகள் உன்னிடம்தான் இருந்தன. கலர் பார்த்து மை கலக்க, கேசட்டின் அட்டையை, சட்டை வாங்கும் பையர் அனுப்புவான். சில நேரம் அட்டையோடு கேசட்டும் வந்துவிடும். மற்றவர்களுக்கு அது குப்பை. நீ ஒரு செருப்புப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தாய். பெரிய பெரிய பாட்டுக்காரர்கள் இல்லை. கடையில் கேட்டால் கடைக்காரனே முழிப்பான். நாலு பையன்கள் சேர்ந்து, சொந்தக் காசில் பாட்டைப் பதிந்து, ஊர் ஊராக வேனில் போய்ப் பாடி, கூட்டத்தில் சட்டை விற்றுச் சாப்பிடுகிற பேண்டுகள். அந்தச் சட்டைதான் நமக்கு வரும். கொக்குப் படம் போட்ட பேண்டின் ஆர்டருக்குப் பட்டறையில் ‘கொக்கு’ என்றே பெயர். பேண்டின் நிஜப் பெயரை நீயும் நானும் மட்டும்தான் சொன்னோம். இங்கே நானும் கொக்கு என்றே எழுதுகிறேன். பெயரை எழுதக் கை வரவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், துணி காயப்போடும் அறையில், உன் டேப் ரெக்கார்டரில் கேட்டோம். வெளியே பையன்கள் பூனைச் சண்டை என்றார்கள். எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆல்ட்டோ என்கிற இரண்டாம் குரல் பாடுகிறவள் நான். நாலு குரலையும் தனித்தனியே பிரித்துக் கேட்கக் காது பழகியிருந்தது. கொக்கின் முதல் கேசட்டில், ஏ பக்கத்து மூன்றாவது பாட்டில், டிரம் சட்டென்று நின்றுவிடும். ஒரு மவுத் ஆர்கன் மட்டும், மூச்சு வாங்குகிற சத்தத்தோடு. அதற்கடியில் பேஸ் கிடாரை யாரோ தொட்டும் தொடாமலும் தட்டுவார்கள். அந்த இடத்துக்காக நான் சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். “அங்க கீழ ஒருத்தன் தனியா போறான், கேளுங்கண்ணே” என்று நான் காட்டித்தான் உனக்கு அந்த பேஸ் கிடாரே காதில் விழுந்தது. இதை நீ செத்த பிறகும் மறுக்க முடியாது.

எவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம். ரெண்டாவது கேசட் வந்ததும், “காசு வந்துருச்சு புள்ள, குரலுக்கு எண்ணெய் தடவி சீவி உட்டுட்டாங்க” என்று முகத்தைச் சுளித்தாய். முதல் கேசட்டில் டிரம் அடிக்கிறவன் தாளத்தைப் பிடிக்க முடியாமல் பஸ்ஸைத் துரத்துகிற மாதிரி ஓடுகிறான் என்று நான் சொன்னேன். ரெண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. ஒரு டிரம்காரனுக்காக. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரரோடு அப்படி ஒரு சண்டை போட எனக்கு விஷயமே கிடைக்கவில்லை.

பாட்டுத் திருவிழாக்களின் சட்டையும் வரும். ஏதோ ஒரு நாட்டில், ஆடு மேய்க்கிற காட்டில், மூன்று நாள் கூடாரம் போட்டுப் பாடுவார்களாம். சட்டையின் முதுகில் பேண்டுகளின் பெயர் மேலிருந்து கீழே. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. அடி வரியை வரையும்போது உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், அவ்வளவு பொடி. ஆனாலும் அதைத்தான் ஆசையாக வரைவாய். “மேல இருக்கறவன உடு புள்ள. கடைசி வரியப் பாரு. நல்ல பாட்டு அங்கதான் கெடக்கும்.” கொக்கு முதலில் கடைசி வரியில்தான் இருந்தது. அடுத்த வருஷத்துச் சட்டையில் இரண்டு வரி மேலே ஏறியபோது, நம் வீட்டுப் பிள்ளை பாஸானது போல நீ எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாய். எதற்கு டீ என்று ஒருத்தருக்கும் தெரியாது.

பாட்டு வரிகளை நான்தான் நோட்டில் எழுதினேன். நிறுத்தி, திருப்பி, மறுபடி போட்டு, ஒரு பாட்டுக்கு ஒரு வாரம். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ்தான், பத்தாவதுவரை. விளங்காத வார்த்தைக்குக் கோடு போட்டு விடுவேன். ஓரத்தில் ஆல்ட்டோ எப்படிப் போகும் என்று ‘டோ ரே மீ’ சோல்ஃபாவில் குறித்திருப்பேன், ஏனென்றால் அந்தப் பாட்டுக்கெல்லாம் இரண்டாவது குரல் தேவை என்று எனக்குத் தோன்றியது. சிவப்பு அட்டை போட்ட நோட்டு. உன் மேசை டிராயரில் இருக்கும்.

அந்த வெள்ளைக்காரப் பையன் பட்டறையைப் பார்க்க வந்தான் அல்லவா. சட்டை வாங்கும் கம்பெனியின் ஆள், நீளமான முடி, கொக்கு பேண்டோடு வேனில் போனவனாம். முதலாளி அவனுக்கு இளநீர் கொடுத்துச் சுற்றிக் காட்டினார். காயப்போடும் அறையில் டேப் ஓடிக்கொண்டிருந்தது. அவன் நின்றுவிட்டான். அவன் முகத்தைப் பார்த்தேன். காணாமல்போன ஆட்டைக் கண்டவன் மாதிரி இருந்தது. யார் கேட்கிறீர்கள் என்றான். நீ போய் டிராயரைத் திறந்து என் நோட்டை எடுத்துக் கொடுத்தாய். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கோடு போட்ட இடங்களில் எல்லாம் சிரித்துக்கொண்டே விட்டுப்போன வார்த்தையைச் சொன்னான். ஓரத்தில் இருந்த சோல்ஃபாவைப் பார்த்து, இது என்ன என்று கேட்டான். நீ தலையைச் சொறிந்தாய். நான் இரண்டு முழம் தள்ளி நின்றேன், கையில் ஒரு கட்டுச் சட்டையோடு.

அவன் என்னைக் கை காட்டி, இவளும் கேட்பாளா என்றான். முதலாளி அதைத் தமிழில் கேட்டார். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய்:

“அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. செக்கிங் புள்ளைங்க.”

அவன் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தான். நாலு பேரும் கையெழுத்துப் போட்ட கேசட். உன் கையில் கொடுத்துத் தோளில் தட்டினான். எனக்கு ஒரு பேனா கிடைத்தது. செக்கிங் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆளுக்கொன்று.

சாயங்காலம் குழாயடியில் நீ வந்து சொன்னாய், “கோவிச்சுக்காத புள்ள. நீயும் நானும் ஒண்ணா உக்காந்து பாட்டு கேக்கறோம்னு மொதலாளி காதுல உழுந்தா என்னாகும்னு நெனச்சியா? உன்ற அப்பன் உன்னைய வேலைக்கு உடுவாரா?” அது நிஜமான காரணமாகவே இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கேசட்டை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்கிறேன் என்று கேட்டேன். ரேகை பட்டால் கையெழுத்து அழிந்துவிடும் என்று சொன்னாய். என் கையை நான் பார்த்துக்கொண்டேன். சாக்பீஸ் பொடி அப்பியிருந்தது.

அதற்கப்புறம் நான் மதியத்தில் அங்கே வரவில்லை. நீயும் ரெண்டு மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாய். நோட்டைத் திருப்பிக் கேட்கவும் எனக்கு ரோஷம்.

பிறகு கொக்குக்குப் பெரிய ஆர்டர் வந்தது. அவர்கள் முதல் முறையாக பதினாலு ஊர் சுற்றிப் பாடப் போகிறார்கள். முதுகில் பதினாலு ஊரின் பெயர். ஹல், லீட்ஸ் என்று தொடங்கிக் கடல் தாண்டி பெர்ன் வரைக்கும் போகும். நீ பிலிம் வரைந்த மறுநாள் என் மேசைக்கு வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாய்: “பதினஞ்சாவதா நம்ம ஊர எழுதியிருக்கேன் புள்ள. ரெண்டே பீஸ். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. அடிச்சு எடுத்துட்டு அந்த வரிக்கு டேப்பு ஒட்டிருவேன்.” சமாதானத்துக்கு வந்திருந்தாய். உன் முகத்தில் அது அப்படியே எழுதியிருந்தது. எனக்கோ உள்ளே கொதித்தது. கேசட்டைத் தொட விடாதவன் சட்டையைக் கொடுக்கிறானாம். “செக்கிங் புள்ளைக்கு எதுக்குண்ணே” என்றேன். நீ சிரித்தாய். புரியவில்லை என்று நினைக்கிறேன்.

ரெண்டு பீஸை அடித்து எடுத்தாய். ஸ்கிரீனின் அடிப்பக்கம் அந்த ஒரு வரியின் மேல் மை இறங்காதபடி டேப் ஒட்டினாய். அடுத்த நாள் உன் மச்சினன் கல்யாணத்துக்காகச் சாமளாபுரம் போய்விட்டாய். நடுவேளையில் மை அடைத்துக்கொண்டது என்று பையன்கள் ஸ்கிரீனை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார்கள். டேப் மண்ணெண்ணெயில் எத்தனை நேரம் நிற்கும்? உரிந்து வாளியில் மிதந்திருக்கும். இங்கிலீஷ் தெரியாத பையன்கள் மறுபடி ஸ்கிரீனை வைத்து இழுக்க ஆரம்பித்தார்கள்.

கழுவிய பிறகு வந்த முதல் கட்டு என் மேசைக்கு வந்தது. விரித்தேன். பதினாலு ஊரும் எனக்கு மனப்பாடம். பதினைந்தாவதாக, கால் நீட்டிய ‘ஆர்’களோடு, நம்ம ஊர்.

அந்தக் கட்டில் முப்பது பீஸ்தான் இருக்கும். ‘நிறுத்துங்க’ என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். முப்பது பீஸோடு போயிருக்கும், நீ வந்து நாலு திட்டு வாங்கியிருப்பாய். நான் கொடுக்கவில்லை. மறந்துபோய் இல்லை, பயந்தும் இல்லை. சாக்பீசை எடுத்தேன், நம்பரைப் போட்டேன், தள்ளினேன். அடுத்த கட்டு. அதற்கடுத்த கட்டு. சாயங்காலம் ஆர்டர் முடிந்து மணி அடிக்கும்வரை ஒவ்வொரு சட்டையிலும் நம்ம ஊரை வாசித்து வாசித்துத் தள்ளினேன். செக்கிங் பிள்ளைக்குத்தான் ஒன்றும் தெரியாதே. அன்றைக்கு எனக்கு மனசு லேசாக இருந்தது. இதை உனக்குத்தான் முதல்முதலாகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

தைத்து, தேய்த்து, பெட்டி கட்டப் போகிற நேரத்தில் பையரின் ஆள் கண்டுபிடித்தான். நல்லதும் கெட்டதும் கலந்து கிடந்ததால் முழு ஆர்டரும் ரிஜெக்ட். முதலாளி பட்டறைக்கு வந்து நின்றார். உன்னைக் கேட்டார். “நான்தானுங்க எழுதுனேன், ரெண்டு பீஸுக்குத்தானுங்க” என்றாய். அறைந்தார். உன் கண்ணாடி ஸ்கிரீன் மேல் போய் விழுந்தது. பிறகு ஒரு சட்டையைத் திருப்பிச் சாக்பீஸ் நம்பரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, இத்தன பீஸு பாத்திருக்கறியே, ஒரு பீஸுலகூட கண்ணுல படலியா?”

“எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாதுங்க முதலாளி.”

அவர் நம்பாமல் உன்னைப் பார்த்தார். நீ கண்ணாடி இல்லாமல் என்னைப் பார்த்தாய். உதட்டோரம் ரத்தம். டிராயரில் அந்தச் சிவப்பு நோட்டு இருந்தது. என் பெயர் அதன் முதல் பக்கத்தில், தமிழில், என் கையெழுத்தில். நீ அதை எடுத்து நீட்டியிருந்தால் என் வேலை அப்போதே போயிருக்கும், என் அப்பாவின் மானமும் போயிருக்கும்.

“ஆமாங்க,” என்றாய். “அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. செக்கிங் புள்ளைங்க.”

அதே வார்த்தை. ஒன்றுகூட மாறவில்லை.

ரிஜெக்ட் ஆன சட்டை உள்ளூர்ச் சந்தைக்குப் போகக் கூடாது, பேண்டின் படம் அதில் இருக்கிறது, கண் முன்னால் வெட்ட வேண்டும் என்று பையரின் ஆள் சொல்லிவிட்டான். இது எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம். வழக்கமாக நாலு பேர் சேர்ந்து வெட்டுவார்கள். முதலாளி உன்னை ஒருத்தனையே வெட்ட விட்டார். நடு ஹாலில் உட்கார வைத்து, போகிறவன் வருகிறவன் பார்க்க. வெட்டியது சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னைப் பக்கத்தில் நிறுத்தினார். மூன்று நாள். கத்திரிக்கோல் உன் கட்டைவிரலைத் தின்றுவிட்டது. கொக்கின் கழுத்தை வெட்டினாய். ஹல்லை வெட்டினாய், லீட்ஸை வெட்டினாய், பதினாலு ஊரையும் ஒவ்வொரு சட்டையிலும் வெட்டினாய். பத்துப் பீஸ் தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடைசி வரிமேல் மட்டும் கத்திரி படவில்லை. ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு விரற்கடை மேலே வளைத்து எடுத்துக்கொண்டு போனாய். அதையும் பாஸ் போட்டேன்.

மூன்றாம் நாள் கடைசிச் சட்டையை என் கையில் போட்டுவிட்டு எழுந்தாய். மூன்று நாளில் நீ என்னோடு பேசியது அப்போதுதான்.

“நல்லாப் பாத்துக்க புள்ள. உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுமே.”

அதற்கப்புறம் எந்த பிரிண்டிங் பட்டறையும் உன்னைச் சேர்க்கவில்லை. ‘சட்டையில ஊர் பேர எழுதுனவன்’ என்றே உனக்குப் பெயர் ஆகிவிட்டது. முதலிபாளையம் பக்கம், நம் பட்டறை வேஸ்ட் போகிற குடோனிலேயே துணி பிரிக்கப் போனாய் என்று கேள்விப்பட்டேன். பிறகு பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஒரு தரம் பழைய பஸ் ஸ்டாண்டில் தூரத்தில் இருமிக்கொண்டு நின்றாய். நான் புடவைக் கடைக்குள் நுழைந்துகொண்டேன்.

சாவுக்கு வந்தேன். உன் பெண்சாதியை அன்றுதான் பார்க்கிறேன். “ஏனுங்க, நீங்க எங்கீருந்து வாரீங்க?” என்றாள். பழைய பட்டறையில் கூட வேலை பார்த்தேன் என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அங்க செக்கிங்ல ஒரு புள்ள இருந்துச்சாமுங்க, திருநெல்வேலிப் பக்கம். அத்தன இங்கிலீசுப் பாட்டும் அதுக்குத் தெரியுமாமா. அந்தக் காது இந்த ஊர்லயே யாருக்கும் இல்லைன்னு சொல்லிட்டே இருப்பாருங்க. அதோட நோட்டு ஒண்ணும் கேசட்டு ஒண்ணும் பொட்டில இருக்குதுங்க. ஒரு சட்டையும் இருக்குது. அந்தப் புள்ள எப்பவாச்சும் ஊட்டுக்கு வந்தா குடுத்துருன்னு சொன்னாரு. அது நீங்களாங்க?”

பொட்டி அவளுக்குப் பின்னாலேயே இருந்தது. அந்தச் செருப்புப் பெட்டிதான். கையை நீட்டினால் எட்டும்.

ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். இத்தனை தெரிந்த பிள்ளை அன்றைக்கு மட்டும் எப்படிப் பார்க்காமல் விட்டது என்று. அதை அவள் கேட்காமல்கூடப் போயிருப்பாள். நீ எதிரில் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தாய். எனக்கு அவ்வளவுதான் தைரியம்.

“இல்லீங்க,” என்றேன். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

நேற்று அந்தத் துண்டைப் பார்த்ததும் வேஸ்ட் கொண்டுவந்த ஆளைக் கேட்டேன். “ஒரு ஆளு குடோனு மூலைல ரெண்டு மூட்டைய யாரையும் தொட உடாம வெச்சிருந்தாருங்க. அவுரு போயிட்டாரு. எடம் பத்தலன்னு இப்பத்தான் பிரிச்சோம்” என்றான். மீதி எங்கே என்றேன். சேலம், நாமக்கல் என்று லாரிப் பட்டறைகளுக்குப் போய்விட்டதாம். என்னிடம் வந்தது இந்த ஒரு துண்டு. நான் அடுக்குவதற்கு முன்பே வீட்டுக்காரர் அதை மூட்டையிலிருந்து உருவி, ஒரு ஓரத்தால் செயினைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டிருந்தார். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கிரீஸ் போகவில்லை. எழுத்தும் போகவில்லை.

இப்போது சி.டி. என்று வந்துவிட்டது. என் பெரிய மகள் பள்ளிக்கூடத்துச் சிநேகிதியிடம் ஏதோ வாங்கி வந்து போடுகிறாள். நேற்று இரவுச் சோறு வடிக்கும்போது என்னை அறியாமல் ஏ பக்கத்து மூன்றாவது பாட்டின் ஆல்ட்டோவை முனகியிருக்கிறேன், டிரம் நிற்கிற இடத்திலிருந்து. அது அந்தக் கேசட்டிலேயே இல்லாத குரல். நான் அந்த நோட்டின் ஓரத்தில் எழுதியது. அவள் பாட்டை நிறுத்திவிட்டு வந்து கதவில் சாய்ந்தாள்.

“என்னம்மா பாட்டு அது? நல்லா இருக்கே. உனக்கு இதெல்லாம் தெரியுமா?”

அந்தத் துண்டை மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

“எனக்கு என்ன தெரியும். நீ போய்ப் படி.”